கீழ்த்தளத்துக்காரருக்கு ஓர் அர்ச்சனை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் மதியம் சாப்பிடும் வாழையிலைக் கடையில் சென்ற வாரம் ஒரு வாக்குவாதம். எழுபதுகளின் கடைசியில் சனிக்கிழமைதோறும் வந்த ஒரு விண்வெளித் தொடரை இப்போது மறுபடியும் தொலைக்காட்சியில் போடுகிறார்கள். மேசையில் இருந்த எல்லோரும் அதை இளவயதில் பார்த்தவர்கள். ஒருவர் தனக்கு அந்தக் கப்பலின் மருத்துவரைப் பிடிக்கும் என்றார். இன்னொருவர் வரைபடத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்காகவே பார்த்ததாகச் சொன்னார். மூன்றாமவர் ரசம் ஊற்றுவதற்காக இலையில் குழி செய்துகொண்டே, "கீழ என்ஜின பாத்துக்குவாரே ஒருத்தரு, தகர டப்பாவுல சாப்பிடுவாரு, அவருதான் லா நமக்கு" என்றார்.

கேப்டன் என்ன ஆனார் என்று கேட்டேன். அவர் பெயர் ஒருவருக்கும் உடனே நினைவுக்கு வரவில்லை. "நெத்தி பெருசா இருக்குமே, அந்த ஆளா?" என்றார் மருத்துவரின் ரசிகர்.

அதற்கு நான் ஒரு காரணம் சொன்னேன். கேப்டன் எந்த ஆபத்தில் மாட்டினாலும் அடுத்த சனிக்கிழமை இருப்பார் என்று நமக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அதனால் அவர்கள் முகம் தெரியும் ஒவ்வொரு முறையும் நமக்குள் ஒரு சின்ன நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியைத்தான் இத்தனை வருடம் கழித்தும் பிடித்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

"சார், ஃபைல்ல குறிப்பு எழுதுற மாதிரியே பேசுறீங்க" என்றார் ரசக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிள்ளானில் பக்கத்து வீட்டில் இருந்த அக்காவைப் பற்றி அங்கே சொல்லவில்லை. மதிய இடைவேளைக்குள் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் அல்ல அது.

அப்போது எனக்குப் புதிதாகத் திருமணமாகியிருந்தது. கிள்ளானில் ஒரு வரிசை வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. வீட்டில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருந்தது. மரக்கதவு போட்ட பெட்டி. பார்த்து முடித்ததும் கதவை மூடி, மேலே பின்னல் துணியை விரித்துவிடுவோம். பக்கத்து வீட்டு அக்கா எங்களைவிடப் பத்து வயதாவது மூத்தவர். பிள்ளைகள் இல்லை. அவர் கணவரை நாங்கள் அண்ணன் என்போம். துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர், நாங்கள் அங்கே குடிபோன சிறிது காலத்திலேயே ஒரு சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய்விட்டார். என்ஜின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை. போகும் இடங்களிலிருந்து கடிதம் போடுவார். அக்கா தபால்தலைகளைக் கிழித்து என் மனைவிக்குக் கொடுப்பார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் மனைவி அக்காவையும் படம் பார்க்கக் கூப்பிட்டாள். திரையில் விண்வெளிக் கப்பல் மெல்லத் திரும்பியது. அக்கா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய கப்பல்ல சமையல் யாரு செய்றா?" என்று கேட்டார்.

நான் திரையில் சமையலறையைத் தேடினேன்.

"துணி எங்க காயப்போடுவாங்க?"

"அக்கா, அது ஆகாயத்துல போற கப்பல்" என்றேன்.

"அதனால என்னா தம்பி? ஆகாயத்துல போனா அழுக்காகாதா?"

அந்த வாரம்தான் அவர் கீழ்த்தளத்து மனிதரை முதலில் பார்த்தார். வழுக்கைத் தலை, தடித்த புருவம், கழுத்தில் ஒரு துணி. மேலே கேப்டன் கட்டளை போடும்போதெல்லாம் கீழே குழாய்களுக்கு நடுவே அவர் முகம் ஒரு விநாடி தெரியும். முடியுமா என்று கேப்டன் கேட்பார். இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு சொல் பேசுவார். திரையின் அடியில் மலாயில் 'சாயா சூபா' என்று எழுத்து ஓடும். முயன்று பார்க்கிறேன் என்று அர்த்தம். அக்காவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, மலாய் நன்றாக வரும். அதனால் அவருக்கு அந்த மனிதர் மலாய் பேசும் மனிதர்தான். "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். முடியும்னும் சொல்ல மாட்டாரு, முடியாதுன்னும் சொல்ல மாட்டாரு" என்றார்.

அன்றிலிருந்து திரையில் வந்த அந்த மனிதருக்குக் 'கீழ்த்தளத்துக்காரர்' என்று பெயர். கேப்டன் 'பெரியவர்'. சனிக்கிழமை வந்தால் அக்கா ஒரு தட்டில் ஏதாவது பலகாரம் எடுத்துக்கொண்டு வருவார். வாசல் பக்கத்து நாற்காலி அவருடையது, ஏனென்றால் நடுவில் அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கை ஒலிபரப்பப் படம் நிற்கும்போது ஓடிப்போய் வீட்டில் விளக்கேற்றிவிட்டு வர வேண்டும். பாங்கு முடிந்து படம் விட்ட இடத்தில் தொடங்கும்போது நாற்காலியில் இருப்பார். நான் நாள்குறிப்பு எழுதுகிறவன். படத்தை அதன் கதைக்காகவும், கதையில் இருந்த தவறுகளுக்காகவும் பார்த்தேன். அக்கா ஆட்களைப் பார்த்தார். புது முகம் ஒன்று வந்து தன் ஊரைப் பற்றியோ மனைவியைப் பற்றியோ பேசினால் போதும், "பாவம், இன்னிக்கு இவருதான்" என்பார். பாங்குக்கு முன்னாலேயே அந்த ஆள் செத்துப்போவார். கேப்டன் இரண்டு வரி வருத்தப்படுவார். கப்பல் திரும்பிப் போய்விடும்.

"இவங்க வீட்டுக்கு யாரு போய்ச் சொல்லுவா?" என்று ஒருநாள் அக்கா கேட்டார். என் மனைவி பலகாரத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அதற்குப் பிறகுதான் அண்ணனின் கடிதங்கள் நின்றன.

முதலில் தாமதம் என்று நினைத்தோம். பிறகு அடுத்த துறைமுகத்திலிருந்து வரும் என்று நினைத்தோம். தபால்காரர் எங்கள் வரிசையில் திரும்பும்போது அக்கா வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஜன்னலுக்குள்ளிருந்து பார்ப்பார். தீபாவளியும் போயிற்று. ஒருநாள் என்னிடம், "தம்பி, நீங்க கவர்மெண்டுல இருக்கீங்க, வந்து கேட்டா ஒழுங்கா பதில் சொல்லுவாங்க" என்றார். விடுப்பு எடுத்துக்கொண்டு அவருடன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த கப்பல் முகவர் அலுவலகத்துக்குப் போனேன்.

மேசைக்குப் பின்னால் ஒரு தமிழ் இளைஞர். நல்லவர்தான். எழுந்து நாற்காலி கொடுத்தார். உள்ளே போய் டெலெக்ஸ் தாள் ஒன்றை எடுத்து வந்து படித்துச் சொன்னார். கப்பலை ஏதோ ஒரு நாட்டில் வழக்குக்காகத் துறைமுகத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கேப்டனும் தலைமை என்ஜினியரும் விமானத்தில் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"மத்தவங்க?" என்றார் அக்கா.

இளைஞர் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. "மத்தவங்க பத்தி ஒன்னும் போடலக்கா. கப்பல்லதான் இருப்பாங்க."

"இருப்பாங்களா, இருக்காங்களா?"

"அக்கா, நான் என்னா செய்யட்டும்? வந்தது இவ்வளவுதான்."

பேருந்தில் திரும்பினோம். எங்கள் நிறுத்தத்தில் இறங்கிய பிறகு அக்கா, "பெரியவரு வீட்டுக்குப் போயிட்டாராம்" என்று மட்டும் சொன்னார். எந்தப் பெரியவர் என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் படம் பார்க்க வர மாட்டார் என்று நினைத்தோம். வந்தார். வந்திருக்கவே வேண்டாம் என்று பிறகு தோன்றியது. கப்பலில் கீழே தீப்பிடித்தது. மேல்தளத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் கீழ்த்தளத்தின் கதவை மூடியாக வேண்டும், அதை உள்ளேயிருந்துதான் மூட முடியும். கேப்டன் பேச்சுக்குழாயில் கூப்பிட்டு முடியுமா என்று கேட்டார். கீழ்த்தளத்துக்காரர் முகத்தைத் துடைத்தார். திரையின் அடியில் 'சாயா சூபா' ஓடியது. கதவு மூடியது. சங்கீதம் வந்தது. கேப்டன் இரண்டு வரி பேசினார்.

அக்கா எழுந்து செருப்பைப் போட்டார். "விளக்கேத்தணும்" என்றார். விளக்கை அவர் முன்பே ஏற்றிவிட்டு வந்திருந்தார்.

மறுவாரம் கீழ்த்தளத்தில் வேறொரு ஆள் நின்றுகொண்டிருந்தார். இளையவர், தலை நிறைய முடி. பழையவரைப் பற்றி யாரும் ஒரு சொல் பேசவில்லை. அக்கா பாங்கு நேரத்தில் போனவர் திரும்பி வரவில்லை. அவர் கொண்டுவந்த முறுக்கு தட்டில் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் என் மனைவியும் அக்காவும் சேர்ந்து அம்மன் கோயிலுக்குப் போவார்கள். அதில் ஒரு வேலைப் பங்கீடு இருந்தது. அக்கா கணவர் பெயரைச் சொல்ல மாட்டார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் அப்படித்தான். அதனால் அர்ச்சனைத் தட்டை அக்கா நீட்டுவார், பெயரை என் மனைவி சொல்வாள். ராசி, நட்சத்திரம் மட்டும் அக்கா தாமே சொல்வார். அடுத்து வந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்பதை என் மனைவி வந்து சொன்னபடி எழுதுகிறேன்.

அக்கா இரண்டு அர்ச்சனைச் சீட்டு வாங்கியிருக்கிறார். முதல் அர்ச்சனை எப்போதும் போல அண்ணனுக்கு முடிந்தது. இரண்டாவது தட்டை நீட்டும்போது என் மனைவியின் காதருகே, "அவரு பேரையும் சொல்லும்மா" என்றார்.

"யாரு பேருக்கா?"

"கீழ்த்தளத்துக்காரரு."

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள். அக்கா கண்ணை மூடிக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. படத்தில் கேட்ட ஆங்கிலப் பெயரை அப்படியே சொன்னாள்.

குருக்கள் தலையைச் சாய்த்தார். "வெள்ளைக்காரரா?"

"ஆமா சாமி."

"என்ன பண்றார்?"

"கப்பல்ல என்ஜின் வேலை."

"இப்போ எங்க இருக்கார்?"

"ரொம்ப தூரத்துல, சாமி."

"கோத்திரம் தெரியுமோ?"

"தெரியாது."

"சரி, சிவகோத்திரம்னு சொல்லிடறேன். நட்சத்திரம்?"

என் மனைவி அக்கா பக்கம் திரும்பினாள். அப்போது அக்கா கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். ரோகிணி, ரிஷப ராசி. சற்று முன்னால் அண்ணனுக்குச் சொன்ன அதே ராசி நட்சத்திரம்.

குருக்கள் ஒரு கணம் தட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு அந்த ஆங்கிலப் பெயரைச் சமஸ்கிருதத்துக்குள் வைத்து, ஓர் எழுத்தும் விடாமல் அர்ச்சனை செய்துகொடுத்தார்.

இதை என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தபோது நான் சிரிக்கவில்லை என்று எழுதினால் அது உண்மையாகாது. சிரித்தேன். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. அக்கா வருவாரா என்று தெரியவில்லை. பெட்டியின் கதவைத் திறந்து வைத்தோம். தலைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் தட்டு இல்லை. மேலே கேப்டன் ஏதோ கட்டளை போட்டார். காட்சி கீழே போனது. குழாய்கள், ஆவி, அவற்றின் நடுவே வழுக்கைத் தலை. கழுத்தில் அதே துணி. கீழ்த்தளத்துக்காரர் தகர டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என் மனைவி "அக்கா!" என்று கத்தியே விட்டாள். அக்கா எழுந்து நின்றார். பிறகு பின்னால் கைவிட்டு நாற்காலியைத் தேடி மெல்ல உட்கார்ந்தார்.

எனக்கு இரண்டாவது காட்சியிலேயே விஷயம் புரிந்துவிட்டது. கேப்டனின் முடி கட்டையாக இருந்தது. சட்டையின் கழுத்துப் பட்டை பழைய மாதிரி. பல வாரங்களுக்கு முன் ஒரு கிரகத்தில் தங்கிவிட்ட முதல் மருத்துவர் இங்கே ஊசியுடன் நின்றார். இது முதலிலேயே எடுக்கப்பட்ட பாகம். வெளிநாட்டிலிருந்து வந்த படச்சுருள்களை வரிசை மாற்றிப் போட்டுவிட்டார்கள். அந்த நாளில் அப்படி அடிக்கடி நடக்கும். மனிதர் இன்னும் சாகவில்லை, அவ்வளவுதான். இனிமேல்தான் சாகப்போகிறார்.

இதைச் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. தவறான நம்பிக்கையோடு அவரை வீட்டுக்கு அனுப்புவதும் சரியாகப் படவில்லை. பாங்குக்காகப் படம் நின்றது. அக்கா எழவில்லை. என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருந்தும் நான் ஆரம்பித்தேன். "அக்கா, இது வந்து… முன்னாடி எடுத்த படம். வரிசை மாத்தி…"

"தெரியும் தம்பி" என்றார் அக்கா. "பழைய டாக்டரு இருக்காருல்ல."

நான் என் மனைவி பக்கம் திரும்பினேன்.

"பெரியவருக்கு முடிகூட கட்டையா இருக்கு. பாக்க மாட்டேனா? ஒவ்வொரு வாரமும் உங்களோடதானே உக்காந்திருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சாமி படத்த மாத்திப் போட்டாருன்னு நான் சொன்னேனா? இன்னிக்கு இவரு சாப்பிடுறத பாத்தேன். வயிறு ரொம்பிச்சி. நீங்க வேற கணக்குப் பாத்துக்கிட்டு."

"கணக்கு பாக்கலன்னா இவருக்குத் தூக்கம் வராதுக்கா" என்றாள் என் மனைவி.

"வரட்டும், வரட்டும். தங்கச்சி, ஒரு காப்பி போடும்மா. மத்தியானமே சாப்பிடல நானு."

பாங்கு முடிந்தது. அக்கா காப்பியை ஊதிக் குடித்துக்கொண்டே கடைசிவரை பார்த்தார். விளக்கேற்ற அன்றைக்கு நேரம் கழித்துத்தான் போனார்.

அதற்குப் பிறகும் முகவர் அலுவலகத்துக்குப் போனோம். அந்த இளைஞர் எங்களைக் கண்டதும் தலையாட்டுவார், இல்லை என்று. ஒருமுறை ஷா ஆலமில் ஓர் அதிகாரியைப் பார்த்து மனு கொடுத்துவிட்டு வந்தோம். அதனால் ஏதாவது நடந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போனபோது அக்கா முழுப் படியும் ஏறினார், ஆனால் புது நேர்த்திக்கடன் ஒன்றும் வைக்கவில்லை என்றார். "கேட்டதையே கேட்டுக்கிட்டு இருந்தா சாமிக்கும் சலிச்சிப் போகும்."

அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். தந்தியும் இல்லை, தகவலும் இல்லை. வாடகைக் கார் ஒன்று வரிசையின் முனையில் நின்றது. மெலிந்து, தாடியோடு ஒருவர் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டு எண்களைப் பார்த்தபடி நடந்து வந்தார். சொந்த வீட்டையே எண் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். அக்கா வாசலில் மீன்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் ஓடவில்லை, அழவில்லை. கையிலிருந்த மீனை மீன்காரரின் தராசிலேயே வைத்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அண்ணன் இல்லை என்று தலையசைத்தார். அதற்குப் பிறகுதான் அக்கா அழுதார். மீன்காரர் மீனை வாழைமட்டையில் சுற்றி வேலியில் மாட்டிவிட்டு, காசு கேட்காமல் போய்விட்டார்.

அன்று மாலை நாங்கள் போய்ப் பார்த்தோம். அண்ணன் பெரிதாக விவரம் சொல்லுகிறவர் அல்ல. கப்பலைப் பிடித்து வைத்தார்கள், கேப்டனுக்கும் அதிகாரிகளுக்கும் காகிதம் வந்தது, போனார்கள். மற்றவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். தபால் போட ஒருவரையும் கரைக்கு இறங்கவிடவில்லை. இவர்தான் கடைசி.

"ஏன்ணே, கடைசியா?" என்று கேட்டேன்.

"ஜெனரேட்டரு பழசு தம்பி. என் கைக்குத்தான் ஓடும். நான் எறங்கினா கப்பலே இருட்டாயிரும், தண்ணி ஏறிரும்னாங்க. இன்னும் ஒரு வாரம் பாத்துக்க முடியுமான்னு கேப்பாங்க. சரி, பாக்கறேன்னு சொல்லுவேன்."

அக்கா உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தார். "அந்த ஜெனரேட்டர நீங்கதான் பெத்தீங்களா? நான் ஒருத்தி இங்க இருக்கேன்னு ஞாபகம் இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"என்னா இருந்துச்சு! பாக்கறேன், பாக்கறேன்னு சொல்லியே உக்காந்துருக்காரு தங்கச்சி, அங்க!"

அண்ணன் தரையைப் பார்த்துச் சிரித்தார். என் மனைவி என் முழங்கையைத் தொட்டாள். நாங்கள் விடைபெற்று வந்தோம்.

அடுத்த சனிக்கிழமை, தலைப்பு ஓட ஆரம்பித்ததும் என் மனைவி வேலிப் பக்கம் போய்க் கூப்பிட்டாள். "அக்கா, படம் போட்டாச்சு!"

"நீங்க பாருங்கம்மா. இவரு குளிக்கிறாரு. கெம்போங் மீனு பொரிச்சிக்கிட்டு இருக்கேன், தீஞ்சிரும்."

நாங்கள் இருவர் மட்டும் பார்த்தோம். வாசல் பக்கத்து நாற்காலியை உள்ளே இழுத்துப் போடவில்லை. அந்த வாரமும் பழைய பாகம்தான். அதுவரை நான் பார்த்திராத ஒரு காட்சி அதில் இருந்தது. கேப்டன் கூப்பிட்டு அனுப்ப, கீழ்த்தளத்துக்காரர் முதன்முறையாக மேல்தளத்துக்கு வந்தார். கழுத்துத் துணியைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு, எல்லோரோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவருக்கு அந்த நாற்காலியில் உட்காரவே தெரியவில்லை. அக்கா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே பார்த்ததில், கேப்டன் பேசியதில் பாதி காதில் விழவில்லை.

மறுநாள் காலை பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் அக்காவைப் பார்த்தேன். அண்ணன் ஒரு பழைய வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக்கு இயந்திரம் பார்க்க ஆள் வேண்டுமாம்.

"காலையில பஸ்ஸுல போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம்" என்றார் அக்கா, வேட்டியை உதறிக்கொண்டே.

"கரையில மெஷினு ஆடாதே. எனக்குத் தூக்கம் வந்துரும்."

"வந்தா தூங்குங்க. வேலைய விட்டுத் தூக்கினா வீட்டுக்கு வாங்க. அதுக்குத்தானே சொல்றேன்."

அண்ணன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "சரி, போய்ப் பாக்கறேன்" என்றார்.

"பாக்கறேன்னு சொல்லாதீங்க! போறேன்னு சொல்லுங்க."

"போறேன் லா."

மேல்தளத்து மேசைக் காட்சியை அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று வரிசைப்படி மனதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். வேலி ஓரமாக நின்றேன். அக்கா வேட்டியைக் கொடியில் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துச் சுருக்கம் எடுத்தார். பிறகுதான் என்னைக் கவனித்தார்.

"என்னா தம்பி, ஏதாச்சும் வேணுமா?"

"ஒன்னும் இல்லக்கா" என்றேன்.